லீவு நாளில் வந்த இன்டர்வியூ

அகரன் ஒரகடத்துக்குக் கிளம்பிப் போனது கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள், வியாழக்கிழமை காலை. போலகத்திலிருந்து காரைக்கால் பேருந்து நிலையம் வரைக்கும் தாமரைச்செல்விதான் ஸ்கூட்டி ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த அகரனின் முதுகில் ஒரு பை, மடியில் ஒரு பை, அதற்கு மேல் முந்தின நாள் மிஞ்சிய சீடை டப்பா. அதை அவன் அம்மா லோகாம்பாள் வண்டி கிளம்பின பிறகு ஓடிவந்து திணித்திருந்தாள். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் சீடை கலகலவென்று குலுங்கியது. புருஷனை வெளியூருக்கு அனுப்பும் சோகத்தை முகத்தில் நிறுத்திவைக்கத் தாமரை படாத பாடு பட்டாள். அந்தச் சத்தம் விடவில்லை. காரைக்கால் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் சிரித்துவிட்டாள்.

அகரன் வேலை பார்த்த குழாய்க் கம்பெனி ஆடி மாதத்தோடு மூடிவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. தாமரை பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று வருஷம் காரைக்காலில் ஒரு விமான டிக்கெட் கடையில் கணக்கு பார்த்தாள். கடைக்காரர் ஸ்டெஃபான் குடும்பத்தோடு பிரான்ஸில் குடியேறியபோது கடையும் போயிற்று, அவள் வேலையும் போயிற்று.

சென்னைப் பேருந்து கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒப்பந்தம் போட்டார்கள்.

"மே மாசம் முடியிற வரைக்கும் பாரு," என்றான் அகரன். "உனக்கு இங்க நிலையா ஒரு வேலை கிடைச்சிட்டா நான் அங்க விட்டுட்டு வந்துடறேன். ஒரு சம்பளம் ஒழுங்கா வந்தா போதும். நான் இங்கயே மெக்கானிக் வேலை எதாவது தேடிக்குவேன்."

"கிடைக்கலன்னா?"

"நீ மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடணும். மூஞ்சத் தூக்கிக்கக் கூடாது."

"வேலை கிடைச்சு நீங்க வந்தா, நீங்களும் தூக்கிக்கக் கூடாது."

அவன் சரி என்றான். பேருந்து நகர்ந்தது. சன்னல் வழியாக அவன் கையை ஆட்டுவான் என்று பார்த்தால் டப்பாவை ஆட்டினான்.

ஆயுத பூஜை விடுமுறையில் தாமரை ஒரகடம் போய் நான்கு நாள் இருந்தாள். எல்லாரும் சொல்லிப் பயமுறுத்திய அளவுக்கு அறை மோசமில்லை. காற்று வந்தது, தண்ணீர் வந்தது. ஆனால் அந்த வரிசை வீடுகளில் பாதி ஆண்களுக்கு இரவு ஷிப்டு. பகல் முழுக்கத் தூங்குவார்கள். அதனால் பெண்கள் அத்தனை பேரும் பகல் முழுக்கக் கிசுகிசுத்துத்தான் பேசினார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்கள். தாமரை சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். மூன்றாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேசாமலே தொண்டை கட்டும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பும்போது ஒரு முடிவோடு திரும்பினாள். இங்கே ஒரு வேலையைப் பிடித்தே ஆகவேண்டும்.

இப்படியாகத் தாமரையின் இன்டர்வியூ காலம் தொடங்கியது.

அவள் எங்கே போனாலும் கூடவே லோகாம்பாள் போனாள். போலகத்தில் பெண்கள் இன்டர்வியூவுக்குத் தனியாகப் போவதில்லை. அப்பாவோ, அண்ணனோ, யாரோ ஒருவர் கூடப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். லோகாம்பாளும் உட்காருவாள், ஆனால் சும்மா உட்காரமாட்டாள். உள்ளே மருமகள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், வெளியே மாமியார் கம்பெனியைப் பற்றிக் கேட்டு முடித்திருப்பாள். வாட்ச்மேன், டீ கொண்டுவரும் அம்மாள், கூட்டுகிறவர், யாரும் தப்பமுடியாது. தாமரை வெளியே வந்ததும் நடந்துகொண்டே தீர்ப்பைச் சொல்வாள்.

"இங்க வேணாம் ஆயி. முதலாளி தம்பி பொண்டாட்டிக்குத்தான் இந்த வேலைன்னு பேசி முடிச்சாச்சு. ஊருக்காக உங்களையெல்லாம் கூப்புட்டிருக்காங்க."

பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

முதலில் காரைக்காலில் ஒரு தனியார் பள்ளி. அலுவலக வேலை என்று கூப்பிட்டார்கள். போனால், ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் வரவில்லை, ஒரு வகுப்பு பார்த்துக்கொள்ள முடியுமா, அப்படியே திறமையையும் பார்த்துவிடுகிறோம் என்றார்கள். தாமரை இரண்டு வகுப்பு எடுத்தாள். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. அலுவலக வேலைக்கு வேறு ஆளை எடுத்தார்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு அலுவலகம். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்குப் பென்ஷன், பாஸ்போர்ட் காகிதங்கள் தயார் செய்யும் இடம். காரைக்காலில் பயோடேட்டா எழுதுகிற எவரும் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, பிரெஞ்சு கொஞ்சம் என்றும் சேர்த்துவிடுவது வழக்கம். யாரும் கேட்டதில்லை, தாமரையும் சேர்த்திருந்தாள். அந்த அலுவலகத்தை நடத்திய லோரான்ஸ் அம்மாள் பயோடேட்டாவைப் படித்தார், முகம் மலர்ந்தது, கடகடவென்று பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிட்டார். தாமரை ஸ்டெஃபான் கடையில் பொறுக்கிய ஒரே சொல்லை, நன்றி என்று பொருள்படும் மெர்சியை, வைத்துக்கொண்டு சமாளித்தாள். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் மெர்சி என்றாள். நாலைந்து மெர்சிக்குப் பிறகு லோரான்ஸ் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் இப்ப என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்கு பிரெஞ்சு சுத்தமா வராதுன்னு சொன்னேன். அதுக்கும் மெர்சிங்கிறீங்க."

இருவரும் சிரித்தார்கள். நல்ல காபி கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை.

சென்னைக் கம்பெனி ஒன்று போனிலேயே, முகம் பார்த்துக் கேள்வி கேட்டது. அரிசிப் பானைமேல் போனைச் சாய்த்துவைத்து, சுவரை மறைக்கப் பட்டுப்புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, தாமரை நிமிர்ந்து உட்கார்ந்தாள். உங்கள் சூழல் அமைதியானதுதானே என்று அவர்கள் கேட்ட நேரத்தில், வாசலில் மீன் வண்டி ஒலிபெருக்கியில் கெளுத்தி, சங்கரா, கொடுவா என்று படித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக் காசியம்மா, புடவை காயப்போட்டிருப்பதாக நினைத்து, அதை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கொடுவா வாங்கப் போறியா இல்லையா என்று கேட்டாள். சென்னைக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, பிறகு தொடர்புகொள்கிறோம் என்றார்கள்.

சொல்லி அனுப்புகிறோம், கூப்பிடுகிறோம், தொடர்புகொள்கிறோம். மூன்றும் ஒன்றுதான் என்று அக்டோபர் முடிவதற்குள் தாமரைக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் நாகப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. கணக்குப் பிரிவில் நிலையான வேலை, காலையில் வந்து அழைத்துப்போக வேன் உண்டு. பேசிய பெண் ஒன்றாம் தேதி காலை வரச்சொன்னாள். தாமரை சரி என்று போனை வைத்தாள். பிறகுதான் உறைத்தது.

"அத்தை, ஒண்ணாந் தேதிங்கிறாங்க. அன்னைக்கு லீவாச்சே."

நவம்பர் ஒன்று விடுதலை நாள். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடியை இறக்கிய நாள். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குத் தாமரைக்கு விடுமுறைதான். பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள், கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு நடக்கும், ஆபீஸ்கள் பூட்டியிருக்கும், ஸ்டெஃபான் கூடக் கடையைச் சாத்திவிடுவார். சுதந்திர தினம் போல, காந்தி ஜெயந்தி போல, அது உலகத்தோடு சேர்ந்த ஒரு லீவு என்றே அவள் நினைத்திருந்தாள். அந்த ஒரு தேதியில் மட்டும் அவள் காரைக்காலை விட்டு வெளியே இருந்ததே இல்லை. சந்தேகம் வர இடமே இல்லாமல் போயிற்று.

வீட்டில் ஆலோசனை நடந்தது. நூறு நாள் வேலைக்கே அன்று லீவு விடுகிறார்கள், கம்பெனி எப்படித் திறக்கும் என்றாள் லோகாம்பாள். பேசிய பெண் புதுசாக இருக்கும், காலண்டரைப் பார்க்காமல் சொல்லியிருக்கும், மறுநாளாகத்தான் இருக்கும் என்றாள் காசியம்மா. ஒன்றாம் தேதி காலையில், எதற்கும் கேட்டுவிடலாம் என்று தாமரை அந்த எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பாத்தியா, ஆபீஸு பூட்டிக் கெடக்கு," என்றாள் லோகாம்பாள்.

ஒரு நொடி தாமரைக்கு மனசு இடறியது. ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே வடைக்கு மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. சந்தேகப்படுவதற்குத் தோதான காலை அல்ல அது.

மறுநாள் இருவரும் பேருந்தில் வாஞ்சூர் தாண்டி, நாகூர் தாண்டி, நனைந்த குடையோடு நாகப்பட்டினம் போய் இறங்கினார்கள். கம்பெனி கேட்டில் கோவிந்தராசு என்று சட்டையில் பெயர் குத்திய வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"இன்டர்வியூவுக்கு வந்திருக்கோம் சார்," என்றாள் தாமரை.

"அது நேத்தே முடிஞ்சுபோச்சேம்மா."

"நேத்து லீவு சார்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

கோவிந்தராசு தன் ஈரத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். "நான் நேத்து பூரா இங்கதானம்மா நனைஞ்சுக்கிட்டு நின்னேன்."

லோகாம்பாள் உதவிக்கு வந்தாள். "நேத்து விடுதலை நாளுங்க. பிரெஞ்சுக்காரன் போன நாளு."

"அவன் உங்க ஊருலேருந்துல்ல போனான். எங்க ஊருக்கு அவன் வரவே இல்லையே."

பாண்டிச்சேரி எல்லையான வாஞ்சூரைத் தாண்டினால் அந்த லீவு செல்லாது என்று கோவிந்தராசு வருத்தத்தோடுதான் சொன்னார். உள்ளே போன் பண்ணியும் கேட்டுப்பார்த்தார். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்தாகிவிட்டது. நேற்று யாரோ போன் பண்ணியதாகவும், எல்லாரும் இன்டர்வியூ அறையில் இருந்ததால் எடுக்க ஆளில்லை என்றும் தகவல் வந்தது.

திரும்பும்போது பேருந்தில் லோகாம்பாள் நனைந்த குடையை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டே வந்தாள். வாசலில் உட்கார்ந்து ஒரு தகவலும் கொண்டுவராத முதல் இன்டர்வியூ அது. நாகூரில் ஏறிய கூட்டத்தில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, மருமகளின் ஈர முந்தானையைத் தானே பிழிந்துவிட்டாள்.

அகரனிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று தாமரை நினைத்திருந்தாள். லோகாம்பாளால் அது முடியாது. அன்று மாலையே மகனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனைத் தாமரை கையில் கொடுத்தாள். அகரன் சிரித்தான். கூடத் தங்கியிருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தாமரைக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது, எனக்கு வேலை கிடைக்காமல் போனால் நல்லதென்று இருக்கிறீர்கள், சிரிக்காமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"பைத்தியம் மாதிரி பேசாதே," என்றான். "பகல்ல தூக்கமே வரமாட்டேங்குது எனக்கு. கண்ண மூடிக்கிட்டு, இன்னைக்காவது உனக்கு அமையணும்னு நெனைச்சுக்கிட்டே கெடக்கேன். உன்னைவிட எனக்குத்தான் அவசரம்."

ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து, தான் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனும் இந்தப் பக்கம்தான் நிற்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் பாரம் குறையவில்லை, இரண்டு மடங்காயிற்று. இனி அவள் இரண்டு பேருக்காக இன்டர்வியூ போகவேண்டும்.

பொங்கல் கழிந்து, எல்லைக்கு இந்தப் பக்கமே, கீழவாஞ்சூரில் ஒன்று வந்தது. அலைமகள் ஷிப்பிங் என்று பெயர். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை லாரிகளில் அனுப்புகிற கம்பெனி. கணக்கையும் லாரிப் பதிவையும் பார்க்க ஆள் வேண்டும். தாமரை வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போய்ச் சேர்வதற்குள் அது சாம்பல் நிறமாகிவிட்டது. வாசலில் லோகாம்பாள் தட்டித் தட்டிப் பார்த்தாள், இன்னும் பரவியது. விடு, இங்கே எல்லாரும் இந்த நிறம்தான் என்று சொல்லி உள்ளே தள்ளினாள்.

உள்ளே இரண்டு பேர். மேலாளர் தெட்சிணாமூர்த்திக்குக் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரி. கணக்குப் பிரிவுத் தலைவர் பீர் மைதீனுக்கு நாகூர். கணக்கில் கேட்டார்கள், சொன்னாள். லாரி டிரைவர்கள் சத்தம் போடுவார்கள், சமாளிக்க முடியுமா என்றார்கள். முடியும் என்று அவள் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். பிறகு பீர் மைதீன் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்களிடம் உள்ள குறை என்ன?

இதற்கு ஒரு பதிலைத் தாமரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எதையும் கச்சிதமாகச் செய்தாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் என் குறை. பள்ளியில் சொல்லியிருந்தாள், சென்னைக்காரர்களிடம் சொல்லியிருந்தாள், இரண்டு இடத்திலுமே கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்கள். இன்று சாம்பல் நிறச் சுடிதாரில் உட்கார்ந்துகொண்டு கச்சிதம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதுதான் ஊரு உலகத்துக்கும்னு நெனைச்சிடுவேன் சார். கேக்க மாட்டேன்," என்றாள். நாகப்பட்டினம் போன கதையை, கோவிந்தராசு தொப்பியைக் கழற்றியது வரைக்கும் சொன்னாள்.

பீர் மைதீன் சிரித்தார். தெட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை.

"இதுல அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு பாய்? ஒண்ணாந் தேதி லீவுதானே?"

"உங்களுக்கு லீவு. கப்பலுக்கு லீவா?" என்றார் பீர் மைதீன். "போன நவம்பர் ஒண்ணாந் தேதி உங்க பக்கத்துல ஒரு ஆள்கூட வரலை. நானும் நாகூர்ப் புள்ளைங்களும் உக்காந்து அத்தனை லாரியும் அனுப்புனோம். எங்க ஊரு தர்கா கந்தூரிக்கு நாங்க லீவு கேட்டா மட்டும், இது பாண்டிச்சேரி ஸ்டேட்டுங்கிறீங்க."

"பாண்டிச்சேரி ஸ்டேட்டுதானே?"

"அப்ப ஒண்ணாந் தேதி நாங்க எதுக்கு வரணும்?"

சண்டை பழசு என்பது குரலிலேயே தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய கந்தூரி, யாரோ ஒருவரின் தங்கை கல்யாணம், ஒரு மாங்கனித் திருவிழாவன்று நின்றுபோன கப்பல், எல்லாம் வெளியே வந்தன. தாமரை அங்கே உட்கார்ந்திருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் தெட்சிணாமூர்த்திதான் அவள் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா என்றார்.

"ஒண்ணாந் தேதி நாகூர்க்காரங்க பாக்கட்டும் சார். கந்தூரிக்குக் காரைக்கால்காரங்க பாக்கட்டும். எழுதிப் போட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

வருஷக்கணக்காக நடத்திவந்த சண்டை இப்படிப் பொசுக்கென்று முடிந்துபோனதில் இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

வாசலில் லோகாம்பாள் தகவலோடு காத்திருந்தாள். "இடம் காலியாத்தான் இருக்கு, யாருக்கும் பேசி வைக்கலை. ஆனா சென்னை முதலாளி கையெழுத்துப் போடணுமாம். புது நிலக்கரி காண்ட்ராக்ட் வந்தாத்தான் போடுவாராம். அது எப்ப வரும்னு அவருக்கே தெரியாதாம்."

பிப்ரவரியில் கும்பகோணத்தில் ஒரு நகைக்கடைக்குப் போனாள், உயரம் போதாது என்றார்கள். மார்ச்சில் ஒரு மருத்துவமனை வரவேற்பறை, குரல் அதிகம் என்றார்கள். ஏப்ரலில் யாரும் கூப்பிடவே இல்லை. தாமரை அலைமகளுக்கு இரண்டு தரம் போன் பண்ணினாள். பீர் மைதீன் மரியாதையாகத்தான் பேசினார், காண்ட்ராக்ட் இன்னும் வரவில்லை என்றார். மூன்றாம் தரம் பண்ண அவளுக்கு மனம் வரவில்லை.

மே மாதம் பிறந்ததும் பேச்சு மாறிற்று. அகரன் கொஞ்சம் பெரிய வீடு பார்த்து வைத்தான். இரவு ஷிப்டுக்காரர்கள் இல்லாத தெரு, கத்தியே பேசலாம் என்று தாமரைக்கு ஆறுதல் சொன்னான். சாமான் ஏற்ற ஊரிலிருந்த முத்தையனின் குட்டியானையைப் பேசினார்கள். மாதத்தின் கடைசி நாள் வண்டி கிளம்பும் என்று முடிவாயிற்று. நான் வரவில்லை, என்னால் கிசுகிசுக்க முடியாது என்று லோகாம்பாள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மருமகளின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய சேலையில் சுற்றிச் சாக்கில் அடுக்கினாள். தாமரை மூஞ்சைத் தூக்கிக்கொள்ளவில்லை. சொன்ன சொல் அது. கிரைண்டரைக் கயிறு போட்டுக் கட்டும்போது மட்டும் முடிச்சை அவசரமில்லாமல் போட்டாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, மின்விசிறியைக் கழற்ற நாற்காலிமேல் ஏறியிருந்தவளின் போன் சிணுங்கியது. லோகாம்பாள் எடுத்துப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வணக்கம்மா. அலைமகள் பீர் மைதீன். காண்ட்ராக்ட் வந்துவிட்டது. முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். வரும் திங்கட்கிழமை சேர்ந்துவிடவும். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள். பிறகு சாக்கைப் பிரித்து, காபிக்குப் பாத்திரம் தேட ஆரம்பித்தாள். தாமரை நாற்காலிமேலேயே நின்றுகொண்டு போனை வாங்கி, அந்தச் செய்தியை அப்படியே அகரனுக்கு அனுப்பினாள். அந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிப்டு. போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். முத்தையனுக்கு வண்டி வேண்டாமென்று சொல்லவேண்டுமே என்று ஞாபகம் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கையில் அகரனின் பதில் வந்து விழுந்தது.

"குட்டியானைய வேணாம்னு சொல்லிடாதே. காலியாவே வரட்டும். என் சாமானை ஏத்திக்கிட்டு அதுலயே வந்துடறேன்."